எழுத்தால் கட்டிய கப்பல்

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் இஸ்லாமிய எழுத்தோவியம் பற்றிய கட்டுரை படித்தேன். நல்ல முயற்சி. ஆனால் உருவம் வரையத் தடை இருந்ததால்தான் எழுத்துக்குள் உருவத்தை ஒளித்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

கூடவே நீங்கள் வெளியிட்ட படமே அதற்கு மறுப்பு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள, எழுத்துகளாலேயே உருவான அந்தக் கப்பலை, துருக்கியின் அப்துல் காதிர் ஹிசாரி ஹிஜ்ரி 1180இல், அதாவது 1766-67இல், மையும் பொன்னும் கொண்டு காகிதத்தில் எழுதினார். உருவம் கூடாது என்பவர்களும் உயிருள்ளவற்றைத்தான் கூடாது என்பார்கள். கப்பலுக்கு உயிர் ஏது? அவர் நேராகவே ஒரு கப்பலை வரைந்துவிட்டுப் போயிருக்கலாமே! தவிர, அவருக்கு முப்பது நாற்பது ஆண்டுகள் முன்பே இஸ்தான்புல்லில் லெவ்னி என்ற அரண்மனை ஓவியர், சுல்தான் மூன்றாம் அகமதின் பிள்ளைகளுக்கு 1720இல் நடந்த சுன்னத் விழாவை ஆளும் குதிரையும் ஊர்வலமுமாகப் பக்கம் பக்கமாக வரைந்து தள்ளியிருக்கிறார்.

அப்படியானால் எழுத்து எதற்கு? அந்தக் கப்பலின் உடலும் மேல்தளமும் யம்லீகா முதலான குகைத் தோழர்களின் பெயர்கள். கொடுமைக்குத் தப்பிக் குகைக்குள் போய் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உறங்கிப் பத்திரமாக எழுந்தவர்கள். வெள்ளிக்கிழமைதோறும் குர்ஆனின் கஹ்ஃபு (குகை) சூரா ஓதும் வீடுகளில் இந்தக் கதை குழந்தைக்கும் தெரியும். வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்த அவர்களின் நாய் கித்மீரின் பெயரும் கப்பலில் உண்டு (நாய் என்றாலே முகம் சுளிப்பவர்கள் கவனிக்க). இந்தப் பெயர்கள் இருக்கும் கப்பல் மூழ்காது என்பது துருக்கியை ஆண்ட உஸ்மானியர் காலத்து நம்பிக்கை. ஆக, பெயர்கள் அங்கே காவலுக்கு நிற்கின்றன. தடைக்குப் பயந்து செய்த தந்திரமாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு குறை. ஏறக்குறைய அரை மீட்டர் உயரமுள்ள ஓவியத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிவிட்டீர்கள். அலைகளில் எழுத்து இருப்பதே தெரியவில்லை. பதிப்புரிமைக் காலம் முடிந்த படைப்புகளின் படங்களை 2017 முதல் யாரும் இலவசமாகப் பயன்படுத்த அந்த அருங்காட்சியகம் அனுமதித்திருக்கிறது. எனவே செலவும் இல்லை. அடுத்த இதழில் முழுப் பக்கமாகப் போடுங்கள். நடுப்பக்கம் வேண்டாம், பின் குத்திக் கப்பலை உடைத்துவிடும். பின்னட்டை சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர், காயல்பட்டினம்