அந்த அகராதி எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

எழுத்தாளர் பெருமாள்முருகன் என்றாலே எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம், ஊரை இழிவுபடுத்துவதாக எதிர்ப்பு எழுந்த அவருடைய 'மாதொருபாகன்' நாவல் சண்டைதான். 2015 ஜனவரியில் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த பேச்சுவார்த்தை, எழுத்தையே விடுவதாக அவர் அறிவித்தது, 2016 ஜூலையில் அவருக்குச் சாதகமாக வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் ஊரறிந்த கதை. சரி, அரசுக் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியராக அவர் செய்த வேலையை யார் பேசினார்கள்? கொங்கு வட்டாரச் சொல்லகராதி தொகுத்தவர் அவர். “ஒறம்பரைன்னா என்னங்க அப்பிச்சி?” என்று பேத்தி கேட்டபோது அதைத்தான் எடுத்துக் காட்டினேன் (உறவினர் என்று பொருள்). நாவல்மீது எனக்கும் மனத்தாங்கல் உண்டு (படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்). அதற்காக ஒரு வாத்தியாரை ஊரைவிட்டே கிளப்பியது அநியாயம். என் பிரதி நைந்துபோனதால் போன வாரம் நூலகத்தில் அகராதியைக் கேட்டேன். நாவல் இருந்தது, அகராதி இல்லை.

- ஒரு வாசகர், திருச்செங்கோடு