ஸ்கில் லேபின் சாவியைக் கொஞ்சம் தேடுங்கள், மேடம்

மதிப்புக்குரிய நர்சிங் கல்லூரி முதல்வர் அவர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். உங்கள் மாணவிகள் போஸ்டிங் வரும் வார்டின் சிஸ்டர் எழுதுகிறேன். அந்த நைட் டியூட்டியில் நடந்தது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். இன்சார்ஜாக நின்றது உங்களிடம் படித்த பெண்தான்.

ஒருவருக்கு சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, இறங்குகிறது. அடுத்த பெட் நோயாளியின் மகன் டிரிப் முடிந்துவிட்டதென்று கத்துகிறார். போன் அடிக்கிறது. ஆக்சிஜன் வைத்தது, டிரிப் மாற்றியது, போன் எடுத்தது எல்லாம் அவளே. இரண்டு ஜூனியர்கள் சும்மா நின்றார்கள். “நீ ஆம்பு பேக் எடு, நீ கிராஷ் கார்ட்டைத் தள்ளிட்டு வா” என்று மூச்சு கொடுக்கும் பையையும் அவசர மருந்து வண்டியையும் கொண்டுவரச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. டாக்டரிடமும் “பேஷன்ட் சரியில்ல சார்” என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நோயாளி பிழைத்துக்கொண்டார். அவள் வேலையை விடப்போகிறாளாம்.

அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நாலு வருஷம் “எஸ் மேடம்” மட்டுமே சொல்லிப் பழகிய பிள்ளை, ஒரே ராத்திரியில் நாலு பேரை வேலை வாங்குமா?

2021-இல் அரசிதழில் வந்த பி.எஸ்சி. பாடத்திட்டத்தில், ஆறாம் செமஸ்டரில் நர்சிங் மேலாண்மையும் தலைமைத்துவமும் தனிப் பாடம். நிஜ வார்டு போலவே நடித்துப் பழகும் சிமுலேஷன் பயிற்சியும் அந்தப் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் பிள்ளைகளோ தலைமைத்துவத்தின் வகைகளை மார்க்குக்கு எழுதிவிட்டு வருகிறார்கள். ஸ்கில் லேபில் இருக்கும் பயிற்சிப் பொம்மையான மேனிக்கினுக்கு இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு மட்டும்தான் உறை கழற்றுவார்களாம். லேப் ஃபீஸ் மட்டும் வருஷம் தவறாமல் வாங்கப்படுகிறது. மாணவிகளின் அசல் சான்றிதழ்களும் பத்திரமாக உங்களிடமே இருக்கின்றன. அனுபவமில்லாதவளை இன்சார்ஜ் ஆக்கிய எங்கள் நிர்வாகத்துக்குத் தனி மடலே எழுதலாம். மன்னிக்கவும், கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

லேபைத் திறந்துவிடுங்கள். புதிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு மாணவி இன்சார்ஜ், இருவர் ஜூனியர்கள், ஒருத்தி கோபக்கார உறவினர், ஒருத்தி போனில் அவசரப்படும் டாக்டர். நடுவில் இன்னொரு நோயாளிக்கு மோசமாகட்டும். கால் மணி நேரம் போதும். அதைவிட அதிக நேரம் உட்கார்ந்து பேச வேண்டும்: யாரிடம் எதை ஒப்படைத்தாய், அவள் காதில் விழுந்ததா, டாக்டரிடம் எதை முதலில் சொன்னாய்? நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற எஸ்பார் (SBAR) வரிசை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்தது. அதை மனப்பாடம் செய்தால் வராது, வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். அந்தப் பேச்சில் யாரையும் திட்டாதீர்கள், மேடம். திட்டினால் மறுபடியும் “எஸ் மேடம்”தான்.

இந்த செமஸ்டரிலிருந்தே, இன்டர்ன்ஷிப் தொடங்குமுன், வாரம் ஒரு மதியமாவது லேபைத் திறக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கத்துகிற உறவினர் வேஷத்துக்கு ஆள் கிடைக்காவிட்டால் என் ஆஃப் நாளில் நானே வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வார்டு சிஸ்டர்