சிறுவர் நூல்களை வீட்டுக்குக் கொடுங்கள்: பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

எமது பிரதேச சபையின் மதிப்புக்குரிய தவிசாளர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

சபையின் பொது நூலகத்தில் பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கு நூல் இரவல் வழங்குவது மறு அறிவித்தல் வரை நிறுத்தப்பட்டுள்ளது என்ற அறிவித்தல், ஒக்ரோபரில் தேசிய வாசிப்பு மாதப் பரிசளிப்பு நடந்து முடிந்த சூடு ஆறுவதற்குள் ஒட்டப்பட்டது. காரணத்தை நீங்கள் அறிவீர்கள், நாங்களும் அறிவோம். சில நூல்கள் மழையில் நனைந்து வந்தன, சில திரும்பி வரவேயில்லை, கணக்காய்வில் கேள்வி எழுந்தது. வாசிப்புப் பழக்கம் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும் என்று பரிசளிப்பு மேடையில் பேசிய அனைவரோடும் எங்களுக்கு முழு உடன்பாடு உண்டு. அந்த உடன்பாட்டின் பேரிலேயே இதனைக் கேட்கிறோம்: சிறுவர் நூல்களை வீட்டுக்குக் கொண்டுபோக மீண்டும் அனுமதியுங்கள்.

நூலகத்தில் இருந்தே வாசிக்கலாமே என்பது எங்களுக்குக் கிடைத்த விடை. பாடசாலை ஒன்றரை மணிக்கு விடுகிறது. உட்கிராமப் பிள்ளைகளுக்குப் பிற்பகல் பேருந்து ஒன்றுதான். அதைத் தவறவிட்டால் காட்டோர வீதியால் நடக்க வேண்டும் என்பதும், மாலையில் அவ்வீதியில் யானை நிற்கும் என்பதும் சபைக்குத் தெரியாதவையல்ல. ஆகவே பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. எங்கள் அயலில் நாலாம் தரம் படிக்கும் சிறுமி ஒருத்தி, இரவல் கிடைத்த காலத்தில், இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னர் பாயில் இருந்து தம்பிக்கும் அம்மம்மாவுக்கும் உரத்து வாசிப்பாள். அம்மம்மா சும்மா கேட்டுக்கொண்டிருப்பவர் அல்லர். நரி செய்தது நியாயமோ, அரசனுக்கு மூளை இல்லையோ என்று இடையில் மறித்து வழக்காடுவார். ஒரு கதை முடிய மூன்று இரவுகள் செல்லும். இப்போது அவள் நூலக வாங்கில் பாதிக் கதையை வாசித்துவிட்டுப் பேருந்துக்கு ஓடுகிறாள். அடுத்த முறை போகும்போது அந்த நூல் வேறொரு பிள்ளையின் கையில் இருக்கிறது. தம்பி விடமாட்டான் என்பதால் மீதிக் கதையை அவளே புனைந்து சொல்கிறாள். அம்மம்மா அதனைக் கண்டுபிடித்து, இது புத்தகத்தில் உள்ளதல்ல என்று அவளைத் திருப்பி அனுப்புகிறார். கற்பனை வளர்கிறதே என்று சபை இதனைத் தன் சாதனைகளில் சேர்த்துக்கொள்ளாது என நம்புகிறோம்.

வீட்டு வாசிப்பின் இனிமை நூலகத்தில் கிடைக்காது என்று நாங்கள் சொல்வது நூலகத்தைக் குறைத்து அல்ல. ஒரே நூலைப் பத்து முறை கேட்கவும், பிடிக்காததை நடுவில் மூடிவைக்கவும், படங்களை மட்டும் புரட்டவும், உரக்கச் சிரிக்கவும் பிள்ளைக்கு உரிமை உள்ள இடம் வீடுதான். ‘அமைதி காக்கவும்’ என்ற பலகையின் கீழ், மணிக்கூட்டைப் பார்த்தபடி, அதைச் செய்ய இயலாது. பலமுறை இடம்பெயர்ந்து, 2009 இற்குப் பின்னர் வெறுங்கையோடு மீளக்குடியேறிய குடும்பங்களில் பாட்டன் வாங்கிவைத்த நூலலுமாரி என்று ஒன்றும் இல்லை. எங்கள் வீடுகளுக்குக் கதைநூல் வரக்கூடிய வழி உங்கள் நூலகம் ஒன்றே. அருகிலுள்ள கடைகளில் கிடைப்பவை தரம் 5 புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்கள். அவற்றை யாரும் மகிழ்ச்சிக்காக வாசித்ததை நாங்கள் கண்டதில்லை.

நூல் பழுதாகும் என்ற அச்சத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். 1980 தொடக்கம் அரசு பாடநூல்களை இலவசமாக வழங்கி வருகிறது. அவற்றை இதே பிள்ளைகள்தான், இதே மழையில், இதே பையில், ஆண்டு முழுவதும் சுமக்கிறார்கள்; ஆண்டு முடிவில் நல்ல நிலையில் உள்ளவற்றைத் திருப்பிக் கொடுக்க, அடுத்த ஆண்டு அந்த வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அவற்றையே படிக்கிறார்கள். அதற்குப் பிணையாளர் எவரையும் கேட்பதில்லை. கணிதப் புத்தகத்தை ஓராண்டுக்கு நம்பிக் கொடுக்கக்கூடிய பிள்ளைக்குக் கதைப் புத்தகத்தை இரண்டு கிழமைக்குக் கொடுக்க ஏன் இயலாது என்பதற்குச் சபை விளக்கம் தர வேண்டும்.

நூலகர் மீது எங்களுக்கு எந்த மனக்குறையும் இல்லை. நூல் தொலைந்தால் தன் சம்பளத்தில் கழிக்கப்படுமோ என்ற பயத்தோடு ஒருவர் கடமை செய்யும்போது, அவர் அலுமாரியைப் பூட்டத்தான் செய்வார். பூட்டவைத்தது சபையின் நடைமுறையே. நூலகவியல் கற்ற எவரும் அறிந்த, இந்திய நூலகவியல் அறிஞர் இரங்கநாதனின் ஐந்து விதிகள் 1931 இல் வெளிவந்தவை. அவற்றுள் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை என்பது. பயன்படும் நூல் தேயும், கிழியும், ஒருநாள் கழிக்கப்படும். அதனை ஒப்புக்கொண்டு, சிறுவர் பகுதியில் ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு நூல்கள் பழுதாவதை இயல்பான தேய்மானமாக ஏற்பதற்கு உரிய அனுமதியைப் பெற்றுத் தருவது நூலகரின் வேலையல்ல, உங்களுடைய வேலை.

1981 இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தையும் அதில் அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். உறுப்பினர்கள் பலர் அவ்வேளைகளில் உருக்கமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். அதே உருக்கத்தில் ஒரு பங்கு, எரியாமல் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கப்பட்டிருக்கும் எங்கள் பிள்ளைகளின் நூல்களுக்கும் உரியதல்லவா? பிள்ளைகள் கைத்தொலைபேசியோடு கிடக்கிறார்கள், பெற்றோர் கவனிப்பதில்லை என்று எங்களைக் கண்டிக்கும் கூட்டங்களுக்கு மட்டும் குறைவில்லை. நாங்கள் தொலைபேசியைப் பறித்துவிட்டு அந்தக் கையில் எதைக் கொடுப்பது? திறப்பு விழாக் கல்வெட்டுகளையா? இரங்கநாதனின் காலத்தில், அதே 1931 இல், தமிழ்நாட்டின் மன்னார்குடிப் பகுதியில் நூல்களை மாட்டுவண்டியில் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். எங்கள் சபையிடம் மாட்டுவண்டி இல்லை, உண்மைதான்; கழிவு அகற்ற வரும் உழவு இயந்திரம் இருக்கிறது. கழிவு எங்களிடமிருந்து உங்களிடம் வருவதற்குள்ள ஒழுங்கு, நூல் உங்களிடமிருந்து எங்களிடம் வருவதற்கு இல்லை.

கடுமையாக எழுதிவிட்டால் பொறுத்தருளுங்கள். நடமாடும் நூலகத்தை இன்று கேட்கவில்லை. கேட்பது, சிறுவர் நூல்களை வீட்டுக்குக் கொடுங்கள் என்பது மட்டுமே. ஒரு பிள்ளைக்கு இரண்டு நூல்கள், இரண்டு கிழமைகள் போதும். பிணைக்கு அரச உத்தியோகத்தரையோ சோலைவரி (ஆதன வரி) செலுத்துபவரையோ தேடி அலையவிடாமல் தாய் அல்லது தந்தையின் கையொப்பத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். எங்கள் கிராமத்தில் சோலைவரி அறவிடப்படுவதே இல்லை. மாரி காலத்தில் நூலோடு ஒரு தடித்த பொலித்தீன் பையும் கொடுத்தால் நனைந்து வரும் நூல்கள் பெரிதும் குறையும். பைகளுக்கான செலவை எங்கள் மாதர் சங்கம் ஏற்கும்.

இவ்வேண்டுகோளை அடுத்த மாதாந்த அமர்வின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்துத் தீர்மானம் எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். கிழிந்த நூல்களை ஒட்டவும் புதியவற்றுக்கு உறை போடவும் தாய்மார் சிலர் சனிக்கிழமைகளில் வரத் தயாராக இருக்கிறோம். எந்தச் சனிக்கிழமை வசதி என்பதை நூலகர் ஊடாக அறியத்தாருங்கள்.

இங்ஙனம்,
வன்னிக் கிராமமொன்றின் பெற்றோர் சார்பில்,
இரு பிள்ளைகளின் தாய்