அண்ணாவுக்கு, அந்த பிஎஸ்பி விசயமாக

அண்ணா,

அப்பாவின் திதிக்குப் படத்தை எடுக்க அலுமாரியைத் திறந்தபோது கீழ்த் தட்டில் உன் பிஎஸ்பி, அந்தக் கையடக்க கேம் பெட்டி, கிடந்தது. பேட்டரி வீங்கிப் பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. ஹட்டனுக்குக் கொண்டுபோய் வேறு பேட்டரி போட்டேன். எவ்வளவு ஆனது என்று கேட்காதே, பக்கத்துக் காம்பராப் பிள்ளை இதையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறது.

கிரான் டூரிஸ்மோ கார்ப் பந்தய ஆட்டத்தின் வட்டு உள்ளேயே இருந்தது. நாலு நாளாக ராத்திரியில் அதைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

சில வருசத்துக்கு முன் இதே இடத்தில் அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதிப் பத்துக்கு நாலு மார்க் போட்டேன். நீ அதைப் படித்துவிட்டு ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினாய். அந்தக் கட்டைவிரல் எனக்கு இன்னும் எரிகிறது. நான் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. 2004இல் அறிவித்ததை 2009 அக்டோபரில்தான் வெளியிட்டார்கள். ஐந்து வருசம் காக்கவைத்துவிட்டு, ஒரு பந்தயத்துக்கு மொத்தமே நாலு கார். சின்னப் பந்தயத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறிப்போகும் வழி இந்த வரிசையின் முந்தைய பெரிய ஆட்டங்களில் இருந்தது, இதில் இல்லை. ஓட்டு, காசு சேர், கார் வாங்கு, மறுபடி ஓட்டு, அவ்வளவுதான். அந்தக் காரையும் நினைத்த நேரத்தில் வாங்க முடியாது. சில கம்பெனிகளின் கடைதான் திறந்திருக்கும், ஆட்டத்துக்குள் நாள் நகர்ந்தால்தான் வேறு கம்பெனி வரும். பட்டனை அமுக்கினால் முழு வேகம், விட்டால் ஒன்றுமில்லை, பாதி மிதிப்பது என்ற பேச்சே கிடையாது. இதற்கு நாலு கொடுத்தது அநியாயமா?

ஆனால் அப்பா ஓட்டியதை நான் அதில் எழுதவில்லை.

கரண்ட் இல்லாத அந்த ராத்திரி அவர் தொடங்கியது உனக்குத் தெரியும். தேயிலைக் கொழுந்து லொறி இருக்கிறதா என்று கேட்டார். எண்ணூறுக்கு மேல் கார் இருந்தும் அது ஒன்று இல்லை. நீ அவருக்கென்று நாள் கணக்காகக் காத்திருந்து வாங்கிய டொயோட்டாவின் வெள்ளை கொரோல்லா லெவின் காரை எடுத்துக் கொடுத்தாய். ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் பந்தயத் திடலின் நீளமான வீதியைப் போட்டுக் கொடுத்தாய். 20.8 கிலோமீட்டர். ஐந்து நிமிசத்தில் நீ சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாய். மிச்சத்தைப் பார்த்தவள் நான் மட்டும்தான்.

அவர் நாற்பதுக்கு மேல் போகவே இல்லை. பந்தய வீதியில் இடது ஓரமாகப் போனார். வளைவு வரும்போதெல்லாம் ஹார்ன் எது ஹார்ன் எது என்று ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்தார். இறக்கத்தில் கியரைக் குறைத்தார். காருசெல் என்ற அந்தக் கிண்ணம் போன்ற வளைவில் எல்லோரும் உள்பக்கக் கொங்கிரீட்டில் டயரை இறக்கித்தான் திரும்புவார்கள். அப்பா, “அது தண்ணி ஓடுற கான் பாப்பா, டயர் விழுந்துடும்” என்று வெளிப்பக்கமாகவே சுற்றிப் போனார். (பின்னால் படித்தேன். முதலில் அது நிஜமாகவே மழைத்தண்ணீர்க் கான்தானாம். கராச்சியோலா என்ற பழைய ஜெர்மன் ஓட்டுநர் அதில் டயரை இறக்கிப் போனதால்தான் அந்த வளைவின் முழுப் பெயரில் அவர் பெயரும் இருக்கிறது என்கிறார்கள். அப்பாவிடம் சொல்ல முடியாமல் போனது.)

பிஎஸ்பியின் பேட்டரி விளக்கு மினுங்கத் தொடங்கியது. அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தப் பார்த்தார், ஆட்டம் விடவில்லை. பிஎஸ்பியைப் போர்வைமேல் வைத்துவிட்டு, “பிரேக் அடிச்சா முன்பக்கம் குனியுது. வண்டிக்குப் பாரம் இருக்கு. இத செஞ்சவன் ஓட்டத் தெரிஞ்சவன்” என்றார். உன்னை எழுப்பிச் சொல்லச் சொன்னார். நான் எழுப்பவில்லை.

ரதல்லவில் நடக்கும் கார் மலையேற்றப் போட்டியைப் பார்க்கக் கூட்டிப்போனாலும், “காலி வண்டிய மேல ஏத்துறது என்ன பெரிய விசயம், பாரத்தோட கீழ எறக்கிக் காட்டச் சொல்லு” என்றவர் அவர். அந்த வாயால் ஒரு பாராட்டு வந்தது. ஆட்டத்தைச் செய்த கசுனோரி யமாவுச்சி அதே வீதியில் 24 மணி நேரப் பந்தயம் ஓட்டியவர் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்பா அரை மணி நேரத்தில் கண்டுபிடித்ததை வைத்துக்கொண்டே நான் நாலு மார்க் போட்டேன். ஏனென்றால் அது உன் ஆட்டம். “தனியா ஓட்டு, வீதி போதும்” என்று நீ சொன்ன ஆட்டம்.

வீதி போதும் என்று சொல்லிவிட்டுப் போனவன் நீ. அந்த மூன்று நாளைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை, மாமா வீட்டு ஆட்களும் படிப்பார்கள். லீவு கிடைக்கவில்லை என்றே இருக்கட்டும். நீ அனுப்பிய காசில் கருமாதிச் சாப்பாடு நன்றாகவே நடந்தது, எல்லோரும் உன் பெயரைச் சொல்லித்தான் சாப்பிட்டார்கள். கொள்ளிக்குடத்தைச் சித்தப்பா மகன் தூக்கினான்.

கருமாதி முடிந்த அன்று ராத்திரி, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, உன் பிஎஸ்பியை எடுத்து சேவ் ஃபைலை அழித்தேன். இரண்டு வருசம் நீ சேர்த்த காசு, கார், எல்லாம். அழிக்கவா என்று அது ஒரு தடவை கேட்டது. ஆம் என்று அமுக்கினேன். லீவில் வந்தபோது நீ திறந்து பார்த்துவிட்டு, “மெமரி ஸ்டிக் போயிருச்சு போல” என்றாய். “இந்தக் குளிருக்கு எதுதான் நிக்கும்” என்றேன். நீ நம்பினாய். இல்லை, நம்பியது மாதிரி காட்டிக்கொண்டாயா? இதை எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன்.

கோபத்தில் செய்தேன். அந்தக் கோபம் நியாயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அப்பாவின் வெள்ளைக் காரும் அதற்குள்தான் இருந்தது என்பது அந்த நேரத்தில் என் மூளைக்கு எட்டவில்லை. அதற்கு மட்டும் மன்னித்துக்கொள். மற்றதற்குக் கேட்கவில்லை.

மார்க்கை மாற்றுகிறேன். ஏழு. நீ ஒன்பது என்பாய், நாலு காரை வைத்துக்கொண்டு ஒன்பது எப்படித் தருவது? பிரேக்கில் முன்பக்கம் குனிவதற்கு மட்டும் இந்த மூன்றும்.

மீண்டும் முதலிலிருந்து காசு சேர்த்துவிட்டேன். லெவினுக்குப் போதும். டொயோட்டா கடைதான் இன்னும் திறக்கவில்லை. இன்றைக்கு மூன்று பந்தயம் ஓட்டி ஆட்டத்தின் நாளை நகர்த்திப் பார்த்தேன், வேறு யார் யாரோ வந்தார்கள். நாளைக்கும் பார்க்கிறேன்.

தங்கச்சி