தொரப்பாடி சிஸ்டருக்கு நன்றி

வேலூர் மத்திய சிறையில் பல காலம் வேலை பார்த்து, இப்போது போதை மீட்புப் பணிக்கு வந்திருக்கும் சிஸ்டருக்கு எங்கள் நன்றி. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

புதிதாக வருகிறவரிடம் அவர் முதலில் கேட்பது, ‘கடைசியா எப்போ குடிச்சீங்க?’ கணக்கே அதில்தான் தொடங்குகிறது. நிறுத்திய 6 மணி நேரத்திலேயே கை நடுங்கலாம். வலிப்பு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். ஆளில்லாத மூலையைப் பார்த்துப் பேசும் சன்னி 2, 3 நாள் கழித்து. அதைத் திமிர் என்று நினைத்து அடைத்துப் போட்டால் உயிரே போகும். கைகளை நீட்டி விரலை விரிக்கச் சொல்வார். நாடி, வியர்வை பார்ப்பார். நடுராத்திரியிலும் திரும்ப வந்து பார்ப்பார். குளுக்கோஸ் ஏற்றுகிற அவசரத்தில் தயமின் (வைட்டமின் பி1) ஊசியை யாரும் மறக்க விடமாட்டார், ரொம்பக் கறார். பி1 வற்றிய உடம்பில் வெறும் குளுக்கோஸ் போனால் மூளை பாதிக்கலாம். ஈரல் கெட்டவர் என்றால், நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் மருந்தில் டயசெபாமா, லோரசெபாமா என்று டாக்டரிடம் கேட்காமல் நகர மாட்டார்.

ஹெராயின் பழக்கத்தை விடக் கொடுக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரை நாக்கடியில் கரையும்வரை எதிரிலேயே உட்கார வைப்பார். பதுக்கினால் வெளியே விற்றுவிடுவார்கள், அதுதான்.

ஹெராயின் பழக்கத்தோடு உள்ளே போய் விடுதலையாகிறவரின் வீட்டாருக்கு அவர் சொல்வது: பழைய அளவை உடம்பு இனி தாங்காது, முதல் 2 வாரம் கண்ணிலேயே வைத்திருங்கள். எழுப்பியும் எழாமல் குறட்டை மாதிரி மூச்சு இழுத்தால், ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108.