'பாட்டு எங்கே?' என்று கேட்ட தேன்மொழிக்கு

அன்புள்ள தேன்மொழி அவர்களுக்கு,

வணக்கம். 'சீக்ரெட் ஆஃப் மானா' வீடியோ விளையாட்டின் இசைக்கு மறுவடிவமாக வந்த 'சீக்ரெட் ஆஃப் மானா பிளஸ்' இசைத்தட்டைக் கேட்டுவிட்டு நீங்கள் அனுப்பிய அஞ்சல் கிடைத்தது. விளையாடிய நாள்களில் மனப்பாடமாகிவிட்ட மெட்டுகளுக்காகக் காத்திருந்ததாகவும், அருவி இரைச்சலும் பறவைக் குரலும் தட்டச்சு ஓசையும் மாறி மாறி வந்ததாகவும், தெரிந்த மெட்டு ஒன்று தலைகாட்டினாலும் பிடிபடுவதற்குள் நழுவிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். தொலைபேசி மணி ஒலித்தபோது எழுந்துபோய் உங்கள் கைப்பேசியைப் பார்த்தீர்கள் என்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன். இதைக் கேட்கக் கொடுத்த நண்பர்களில் பலரும் உங்களைப் போலவே 'பாட்டு எங்கே?' என்றுதான் கேட்டார்கள். ஆகவே பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

உங்கள் ஏமாற்றத்தில் நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்தில், இந்த விளையாட்டை உருவாக்கிய ஸ்கொயர் நிறுவனத்தின் விளையாட்டு இசை மறுவடிவம் பெற்றபோதெல்லாம் மெட்டுக்குப் பெரிதாக எந்தச் சேதமும் நேர்ந்ததில்லை. அவர்களுடைய இன்னொரு விளையாட்டான 'பைனல் ஃபேன்டசி 4' இசையை 1991இல் டப்ளினில் ஐரிஷ் கலைஞர்களைக் கொண்டு பதிவு செய்தார்கள். மறு ஆண்டு அதே இசை தனிப் பியானோவில் வந்தது. கருவிகள் மாறின, மெட்டு அப்படியே இருந்தது. அந்தப் பழக்கத்தில், 1993இல் வெளியான 'சீக்ரெட் ஆஃப் மானா'வின் மெட்டுகளும் கொஞ்சம் பளபளப்பாக வரும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. அதே ஆண்டின் இறுதிக்குள் இசையமைப்பாளர் ஹிரோகி கிகுதா தந்ததோ, ஏறக்குறைய 50 நிமிடம் இடைவெளியின்றி ஓடும் ஒரே உருப்படி.

ஆனால் அதில் ஒழுங்கே இல்லை என்று நீங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. விளையாட்டு இசை ஏன் ஒரு முறை கேட்டதுமே ஒட்டிக்கொள்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். ஆடுபவர் ஒரு காட்டில் இரண்டு நிமிடம் நிற்பாரா, இரண்டு மணி நேரம் சுற்றுவாரா என்பது இசையமைப்பவருக்குத் தெரியாது. அதனால் முடிந்த இடத்திலிருந்து தொடக்கத்துக்கே திரும்பும் லூப்பாக மெட்டை எழுதிவிடுகிறார். நமக்கும் அது நூறு முறை கேட்டுக் கேட்டே நெஞ்சில் பதிகிறது. இசைத்தட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. மெட்டு ஒரு முறை வருகிறது, உருமாறுகிறது, போய்விடுகிறது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு நடையைக் கட்டும் சபா ரசிகரைப் போல, பல்லவி திரும்பி வரும் நேரத்துக்குப் போனால் போதும் என்று இங்கே கணக்குப் போட முடியாது. உங்களுக்கு நேர்ந்த திகைப்பின் பெரும்பகுதி இதனால்தான் என்பது என் எண்ணம். அருவியையும் தொலைபேசியையும் மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

அருவி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. விளையாட்டின் தலைப்புத் திரையில் பியானோ தொடங்குவதற்கு முன் நீளமாக ஒரு குரல் எழும்பும், நினைவிருக்கிறதா? அது திமிங்கிலத்தின் குரல். அந்த விளையாட்டு ஓடிய சூப்பர் நின்டென்டோ கருவியில் ஒலிக்கென இருந்த நினைவகம் மொத்தமே 64 கிலோபைட். ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய குரல்கள், அதாவது தனித்தனி ஓசைகள், 8. வாள் வீச்சின் ஓசை வந்தால் அது இசைக்குரிய குரல்களில் ஒன்றைத் தட்டிப் பறித்துக்கொள்ளும். கடுகளவு இடம் என்றாலும், அதற்குள் ஒரு திமிங்கிலத்தைக் கொண்டுவரக் கிகுதா மெனக்கெட்டார். இசைக்கு அடிப்படையான சிறு ஒலித்துணுக்குகளை (ஒலி மாதிரிகளை) பொறியாளர் பொறுப்பில் விட்டுவிடாமல் அந்தக் கருவிக்கு ஏற்றபடி தாமே உருவாக்கினார். பல்கலைக்கழகத்தில் மெய்யியலும் பண்பாட்டு மானுடவியலும் படித்து, சில காலம் மாங்கா ஓவியராகவும் இருந்துவிட்டு இசைக்கு வந்தவர் அவர். பாலித் தீவின் கமெலான் என்னும் தாளவாத்தியக் குழு இசையின் சாயலை அரக்கர்களுடன் மோதும் கட்டங்களில் துணிந்து புகுத்தியவர். அந்தத் திமிங்கிலத்தை மெய்ம்மறந்து கேட்ட நாம், இடத்தட்டுப்பாடு நீங்கியதும் அவர் அருவியையும் பறவையையும் அழைத்து வந்தால் அந்நியர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டதாக ஏன் பதற வேண்டும்?

மறுபுறம், 'காலத்தை முந்திய படைப்பு' என்று இதை ஒரே வரியில் புகழ்ந்து நகர்ந்துவிடுகிறவர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. எந்த இடம் பிடித்தது, எந்த இடத்தில் சலித்தது என்று அவர்கள் சொல்வதே இல்லை. பொறுமையிழந்த இடங்களைக் குறித்து அனுப்பிய உங்கள் அஞ்சல், அந்தப் புகழுரைகளைவிட நூறு மடங்கு கவனமான கேட்பு. முழுவதையும் ஒரே தடமாக வைத்ததால் பிடித்த பகுதிக்கு மறுபடி போவது பெரும்பாடு என்ற உங்கள் குறையும் சரியே. துண்டு துண்டாகப் பிரித்தால் அதன் ஓட்டம் கெட்டுவிடும் என்று கிகுதா கருதியிருக்கலாம், ஆனால் கேட்பவர் படும் பாடு கேட்பவருக்குத்தான் தெரியும்.

தொலைபேசி மணி இல்லாமலே இருந்திருக்கலாம் என்பதிலும் நான் உங்கள் கட்சி. மற்ற ஒலிகள் எல்லாம் அந்த உலகத்துக்குள் நம்மை இழுக்கின்றன, அது மட்டும் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விடுகிறது. வேண்டுமென்றே அப்படிச் செய்திருப்பார் என்று இன்னொரு நண்பர் வாதிடுகிறார்; எனக்கு அது இன்னும் சமாதானமாகவில்லை. மறுமுறை ஹெட்போனில் கேட்டுவிட்டு, அந்த மணிக்குப் பிறகு வரும் பகுதி உங்களுக்கு எப்படிக் கேட்டது என்று மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்