தைத் தீயும் பங்குனித் தீயும்: தமிழ்நாடு வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வனத்துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். தீ தாண்டாதபடி புல்லையும் சருகையும் நீக்கித் தீத்தடுப்புக் கோடு போடுவது, காவலர்களை அமர்த்துவது, பலகை வைப்பது எல்லாம் கோடைதோறும் நடக்கின்றன. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோரைத் தீ கொன்ற பிறகு, புகையைக் கண்டாலே நீங்கள் பதறுவது இயல்புதான். ஆனாலும் சொல்கிறேன்: சத்தியமங்கலம், முதுமலை போன்ற இலையுதிர் காடுகளில் எந்தத் தீயும் கூடாது என்று இருப்பது, பெருந்தீக்கு விறகு சேர்த்து வைப்பதுதான்.

கருமருதின் பட்டையைத் தொட்டுப் பாருங்கள். முதலைத்தோல் போலத் தடித்து வெடித்திருக்கும்; தரையோடு ஓடும் தீயின் சூடு உள்ளே எட்டாது. ஈச்சம்புதர் கருகினாலும் மறுபடி குருத்து விடும். நம் காடுகளில் இடியால் பற்றும் தீ அரிது. மனிதர் வைத்த தீயோடுதான் இவை நெடுங்காலம் பழகியிருக்கின்றன.

சத்தியமங்கலத்தை ஒட்டி, கர்நாடகப் பக்கம் இருக்கும் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் என்னும் பழங்குடியினர் தை, மாசியில் சருகுத்தீ இட்டு வந்தார்கள். கோடை முற்றுவதற்கு முன் வைப்பதால் தீ தாழ்வாக ஓடித் தானே அடங்கும். 1974-இல் அந்த மலை சரணாலயமானது. அந்த வழக்கமும் தடுக்கப்பட்டது. பிறகு லண்டானா எனப்படும் அயல்நாட்டு உண்ணிச்செடி காட்டை மூடியது, நெல்லி மரங்களில் அவற்றை உறிஞ்சி வாழும் புல்லுருவி பெருகியது. புல்லுருவியை அடக்கி வைத்திருந்தது அந்தத் தீதான் என்கிறார்கள் சோளகர்கள். நெல்லிக்காய் விற்றுப் பிழைப்பவர்கள் சொல்வது அது.

உண்ணியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புல் எரிந்தால் தீ தரையில் ஓடும். ஆளுயரத்துக்கு மேல் மண்டிக் காய்ந்த உண்ணிப்புதர் பங்குனியில் பற்றினால் தீ கிளைக்கே ஏறிவிடும். அணைந்த பின் உண்ணி மறுபடி அடியிலிருந்து துளிர்க்கும். ஆகவே நாளைக்கே தீக்குச்சி கிழிக்கச் சொல்லவில்லை. உண்ணியை முதலில் வேரோடு எடுக்க வேண்டும், அங்கே புல் திரும்ப வேண்டும், அதன் பிறகே தீ. உயரமான மலைகளில் பசுமை மாறாமல் நிற்கும் சோலைக்காட்டுப் பக்கம் மட்டும் இந்தப் பேச்சே வேண்டாம். அந்த மரங்கள் ஒரு தீயைக்கூடத் தாங்காது.

சட்டம் இடம் தராது என்பீர்கள். ஆனால் தீத்தடுப்புக் கோடுகளில் காய்ந்த புல்லை இன்றும் உங்கள் ஆட்கள்தான் எரிக்கிறார்கள். பல இடங்களில் அந்தத் தீயைக் கொளுத்துபவர் பழங்குடி இளைஞர். நாள் குறிப்பவர் மட்டும் அலுவலகத்தில் இருக்கிறார்!

கேட்பது இதுதான். உண்ணி அகற்றிய இடங்களில் சில சிறு பகுதிகளைத் தேர்ந்தெடுங்கள். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சமூக வனத்தைப் பேணும் உரிமையைக் கிராம சபைக்குத் தந்திருக்கிறது. எந்த நாள், எந்தக் காற்று என்பதை அந்தச் சபையின் மூத்தவர்கள் முடிவு செய்யட்டும். பக்கத்திலேயே எரிக்காத பகுதி ஒன்றையும் விட்டுவைத்து, புல், நெல்லிக் கன்று, உண்ணி மூன்றையும் ஐந்து ஆண்டுகள் எண்ணி, கணக்கைத் தமிழில் வெளியிடுங்கள். சோளகர் சொல்வது தவறென்று அந்தக் கணக்கு காட்டினால், அதையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
காட்டோரத்து விவசாயி ஒருவர்